லுபானாவின் வீட்டுக் கற்கள்

காது கொடுத்துக் கேளுங்கள். ஒட்டகங்களுக்கு மட்டுமே வழி தெரிந்திருந்த பழங்காலத்தில், பாலைவனத்தின் ஓரத்தில் ஸர்கான் என்றொரு கோட்டை நகரம் இருந்தது. அதை ஆண்டவர் அமீர் ஹாஸிம்.

அவர் பட்டத்துக்கு வந்த முதல் வருஷம் வெட்டுக்கிளி வந்தது. இரண்டாம் வருஷம் பஞ்சம் வந்தது. மூன்றாம் வருஷம், ஆட்சியைப் பிடிக்கச் சொந்தத் தம்பி ஜுபைரே ஐயாயிரம் குதிரை வீரர்களோடு வந்து கோட்டையைச் சூழ்ந்தான்!

ஜுபைரின் கவண்பொறிகளிலிருந்து பெரிய பெரிய கற்கள் பறந்து வந்து விழுந்தன. கிழக்கு மதில் பிளந்தது. ஊராரோ கதவைச் சாத்திக்கொண்டார்கள். "அண்ணன் ஆண்டால் என்ன, தம்பி ஆண்டால் என்ன? நமக்கு எல்லாம் ஒன்றுதான்" என்றார்கள்.

பிளவை அடைக்கக் கல் வேண்டுமே! அமீர் கட்டளையிட்டார். வீரர்கள் ஓடினார்கள். மதிலோரம் குடியிருந்த லுபானா என்ற விதவையின் வீட்டை, ஒரு வார்த்தை கேட்காமல் இடித்து, கற்களை அள்ளிக்கொண்டு போனார்கள்.

லுபானா அழவில்லை. நீதிபதியான காஜி முன்திரிடம் நேரே போய், அமீர் மீதே வழக்குச் சொன்னாள்.

அரண்மனை கொதித்தது. "சிறையில் தள்ளுங்கள்" என்றார் அமைச்சர். "ஊரைவிட்டுத் துரத்துங்கள்" என்றார் தளபதி. "போர் முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்றார் அரண்மனைக் காரியக்காரர்.

அமீர் எழுந்தார். வாளைக் கழற்றி வைத்துவிட்டு, காஜியின் மன்றத்துக்கு நடந்தார்.

காஜி எழுந்திருக்கவில்லை. "அந்த அம்மாவுக்குப் பக்கத்தில் நில்லுங்கள், அமீரே. வீட்டை இடித்தது யார்?"

"என் ஆட்கள். நான் சொல்லித்தான்."

"அவரைக் கேட்டீர்களா?"

"இல்லை."

லுபானா மெல்லச் சொன்னாள்: "கேட்டிருந்தால் நானே கல்லைத் தூக்கிக் கொடுத்திருப்பேன், காஜியாரே."

அமீரின் தலை தாழ்ந்தது.

"மன்னிப்புக் கேளுங்கள். இன்று பொழுது சாய்வதற்குள் அவருக்கு ஒரு வீடு கொடுங்கள்" என்று காஜி தீர்ப்பளித்தார்.

அமீர் மன்னிப்புக் கேட்டார். வேறு வீடு தேட நேரமில்லை. தாம் இருந்த மாளிகையையே கொடுத்துவிட்டு, மதிலடியில் கூடாரம் போட்டுக்கொண்டார்.

செய்தி தெருத்தெருவாய்ப் பறந்தது. சாத்திய கதவுகள் திறந்தன. திறந்ததோடு நிற்கவில்லை, நிலையிலிருந்தே கழன்று வந்தன! கதவைத் தூக்கினார்கள், உத்தரத்தைத் தூக்கினார்கள், திரிகைக் கல்லைத் தூக்கினார்கள். பிளவு அடைபட்டது. ஜுபைர் மூன்று முறை மோதினான். மூன்று முறையும் ஊரே மதில்மேல் நின்று அவனைத் தள்ளியது. படை கலைந்தது. ஜுபைர் பிடிபட்டான்.

"இங்கேயே வெட்டிவிடலாம்" என்றார் தளபதி.

"இவன் என்னோடு பகைத்தவன். இவனுக்கு நான் தீர்ப்புச் சொல்லக் கூடாது" என்று அமீர் அவனைக் காஜியிடம் அனுப்பினார். காஜி நாடு கடத்தச் சொன்னார். நகர வாயில்வரை தம்பியோடு அமீர் நடந்து போனார். குடிக்கத் தண்ணீர் கொடுத்து வழியனுப்பினார்.

நீதிக்குத் தானே முதலில் தலைவணங்குகிற அரசனைத்தான், ஆபத்து வரும்போது குடிமக்கள் தங்கள் உயிரைக் கொடுத்துக் காப்பார்கள்.