பத்துக் கடலை உரிக்கும் நேரம்

பவானி ஆற்றங்கரையில் மெய்யம்மையின் ஆசிரமம் இருந்தது. இரண்டு அறைகள், ஒரு கிணறு, ஒரு பெரிய வேப்பமரம். குருவான அவருக்கு முப்பத்தைந்து வயது. அவரிடம் வந்து போகிறவர்களில் தணிகாசலம் குருவைவிடப் பதினோரு வயது மூத்தவர். பள்ளியில் தமிழாசிரியர். விடுமுறை நாட்களில் கோயில்களில் சொற்பொழிவு செய்வார். மைக் இல்லாமலே கடைசி வரிசைக்கு எட்டும் குரல்.

மே மாதத்தில் ஒருநாள் காலை அவர் வந்து நின்றபோது முகம் வாடியிருந்தது.

"அம்மா, எம் பொண்ணு நிறைமதிக்கு நாலு வயசு ஆகப்போகுது. பேச மாட்டேங்கறா."

"டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டினோம். காது நல்லாக் கேக்குது, வேற குறை ஒண்ணும் இல்லைங்கறாங்க. வீட்ல நல்லாப் பேச்சுக் குடுங்கன்னு சொன்னாங்க."

"குடுக்கறீங்களா?"

"தினம் ரெண்டு மணி நேரம். நூத்திருபது படம் ஒட்டி அட்டை செஞ்சிருக்கேன். இது என்ன, யானை. சொல்லு, யானை. இது என்ன, ஏணி. விடறதே இல்லைங்கம்மா."

"கடைசியா அவ என்ன சொன்னா?"

தணிகாசலம் தயங்கினார்.

"போதும்னு சொன்னா."

அவரே தொடர்ந்தார்.

"இப்பல்லாம் நான் வாசல்ல செருப்பைக் கழட்டினாலே ரெண்டு கையாலயும் காதைப் பொத்திக்கறா. எம் சம்சாரம் பூங்கொடி சொல்லிட்டா, இந்த மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை அவளைக் கூட்டிட்டுக் கரூர்ல அண்ணன் வீட்டுக்குப் போறாளாம். அங்க சின்னப் பசங்க இருக்காங்க, பழகிப் பேசட்டும்கறா. இங்க நீங்க ஒருத்தரே ஊருக்கும் சேர்த்துப் பேசறீங்கன்னு சொல்றா. ஏதாவது மந்திரம் இருந்தாச் சொல்லுங்கம்மா."

மெய்யம்மை உள்ளே போய் ஒரு பை நிறைய நிலக்கடலை கொண்டுவந்தார். அந்த வருஷத்துக் காய், ஓடோடு.

"வீட்ல தரையில உக்காந்து இதை உரிங்க. மதியைக் கூப்பிட வேண்டாம். வந்தா வரட்டும். கேள்வி கேக்காதீங்க. நீங்க செய்யறதை ஒரு வரி சொல்லுங்க. அடுத்த வரி சொல்றதுக்கு முன்னாடி பத்துக் கடலை உரிச்சிருக்கணும்."

"அவ்வளவுதானா?"

"பத்து. எண்ணி."

*

முதல் நாள் மதி அம்மாவின் புடவைக்குப் பின்னால் நின்று பார்த்தாள். தணிகாசலம் முறத்தை எடுத்துவைத்துக்கொண்டு, "அப்பா கடலக்கா உரிக்கறேன்" என்றார். பத்துக் கடலை உரிப்பது இவ்வளவு நீண்ட வேலை என்று அவருக்கு அதுவரை தெரியாது. நாலாவதிலேயே நாக்கு துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் அவள் முறத்துக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் கையை நீட்டி ஒரு காயை எடுத்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவர் ஏழாவது கடலையில் இருந்தார்.

"சின்னது" என்றாள்.

தணிகாசலம் துள்ளி எழுந்தார். முறம் கவிழ்ந்தது.

"பூங்கொடி! ஓடி வா! சின்னதுன்னு சொல்லிட்டா! எங்கே, அம்மாவுக்கு இன்னொரு தடவை சொல்லு கண்ணு. சின்... னது. சொல்லு!"

மதியின் கைகள் காதுக்குப் போயின. எழுந்து ஓடிக் கட்டிலுக்கு அடியில் புகுந்துகொண்டாள். சாப்பாட்டுக்குத்தான் வெளியே வந்தாள்.

பூங்கொடி தரையில் சிதறிக் கிடந்ததைப் பொறுக்கினாள்.

*

மறுநாள் ஆசிரமத்தில் வேறு நாலைந்து பேர் இருந்தார்கள். தணிகாசலம் ஓரமாக உட்கார்ந்தார்.

"அம்மா, கெடுத்துட்டேன்" என்றார்.

"சொல்லுங்க."

நடந்ததைச் சொன்னார்.

"எனக்கு... பயமா இருக்கும்மா."

மெய்யம்மை படாரென்று கைதட்டினார்.

"கேட்டீங்களா எல்லாரும்! தணிகாசலம் பயமா இருக்குன்னு சொல்லிட்டார்! எவ்வளவு அழகாச் சொன்னார்! எங்கே, இவங்களுக்கும் கேக்கற மாதிரி இன்னொரு தடவை சொல்லுங்க. ப... யமா. சொல்லுங்க!"

அங்கிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தணிகாசலத்துக்கு முகமெல்லாம் சூடானது. வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. தன் கைகள் மடியிலிருந்து மேலே எழும்புவதைப் பார்த்தார். பாதி வழியில் அவை நின்றன.

கைகளை மடியில் இறக்கித் தலைகுனிந்தார்.

மெய்யம்மை ஒரு டம்ளர் மோரை அவர் பக்கத்தில் வைத்தார். பிறகு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "பொண்ணு போயிடுவாளோன்னு பயமா இருக்கு, இல்லையா?" என்றார்.

"ஆமாம்மா."

"ம்."

மெய்யம்மை அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தணிகாசலம் தானாகவே பேச ஆரம்பித்தார். சின்ன வயதில் அப்பா தன்னிடம் எப்படிப் பேசுவார் என்பதைச் சொன்னார். யாரிடமும் சொல்லாதது அது. மெய்யம்மை கடைசிவரை கேட்டார்.

*

தணிகாசலம் மறுபடி முறத்தோடு உட்கார்ந்தார். மதி வர இரண்டு நாள் ஆயிற்று.

"பெரிசு" என்றாள், ஒரு காயைக் காட்டி.

இந்தத் தடவை அவர் துள்ளி எழவில்லை. குனிந்து அந்தக் காயை வாங்கிப் பார்த்தார். நிஜமாகவே பார்த்தார்.

"ஆமா, பெரிசு. குலுக்கினாச் சத்தம் வருது."

அவள் வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினாள். அவர் உரித்துக்கொண்டிருந்தார். ஒன்பது, பத்து, பதினொன்று.

"உள்ள ஆரு?" என்றாள்.

அவர் நெற்றியைச் சுருக்கினார். "தெரியலையே."

இருவரும் சேர்ந்து உடைத்துப் பார்த்தார்கள். மூன்று பருப்பு இருந்தது. "மூணு பேரு" என்றாள் மதி.

அவளை ரசித்துக்கொண்டே உரித்ததில் அவர் தோலைப் பருப்புக் கிண்ணத்தில் போட்டுவிட்டார்.

"அப்பா, அது தோலு! அதுல போடாத!"

தணிகாசலம் தோலை எடுத்துவிட்டார். "நல்லவேளை சொன்னே" என்றார். சமையலறை வாசலில் பூங்கொடி கரண்டியோடு அப்படியே நின்றாள். அவர் அவளைக் கூப்பிடவில்லை. ஈரக் கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

கடலை தீர்ந்தது. துணி மடித்தார்கள். கீரை ஆய்ந்தார்கள். சாயங்காலம் வாசற்படியில் கண்ணை மூடி உட்கார்ந்து, காதில் விழுவதைச் சொல்வது மதியே கண்டுபிடித்த விளையாட்டு. "குக்கரு." "காக்கா." "பக்கத்து வீட்டு மாமா பைக்கு." தணிகாசலத்துக்குக் கேட்காத சத்தமெல்லாம் அவளுக்குக் கேட்டது. அவர் ஒவ்வொரு நாளும் தோற்றார்.

அட்டைகளை அவர் பரணில் போட்டார்.

மாதக் கடைசி ஞாயிறு வந்தது. பூங்கொடி பையை எடுத்து வாசலுக்குக் கொண்டுவந்தாள். மதி பின்னாலேயே வந்தாள்.

"அம்மா, கடலக்காய்க்குள்ள புழு இருந்துச்சு."

"அப்படியா அம்மிணி?"

"தூங்குச்சு. அப்பா பயந்துட்டாங்க. ஓன்னு அழுதாங்க. நான் பயப்படல. புழுவைச் செடிக்குக் கீழ வெச்சேன். அது... அது அதோட அம்மாகிட்டப் போயிருச்சு."

புழு இருந்தது உண்மை. தணிகாசலம் அழவில்லை. அதைத் திருத்த அவருக்கு உதடு துடித்தது. உதட்டை மடித்துக்கொண்டார்.

பூங்கொடி பையைக் கீழே வைத்தாள். அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

"அப்புறம்?" என்றாள்.

அப்புறம் நிறைய இருந்தது. பத்து மணி கரூர் பஸ் போய்விட்டது. பதினோரு மணிக்குப் பூங்கொடி அண்ணனுக்குப் போன் செய்தாள். "இந்தத் தடவை நீங்க பசங்களைக் கூட்டிட்டு இங்க வாங்கண்ணா. இவ சொல்றதுக்கு ஏகப்பட்டது வெச்சிருக்கா."

*

அடுத்த வாரம் தணிகாசலம் மதியை ஆசிரமத்துக்கு அழைத்து வந்தார். மதி நேராகப் போய் மெய்யம்மையின் எதிரில் உட்கார்ந்தாள். வரும்போது பஸ்ஸில் ஒரு ஆட்டுக்குட்டி ஏறியதாம். அதற்கு டிக்கெட் உண்டா இல்லையா என்று கண்டக்டருக்கும் ஒரு தாத்தாவுக்கும் சண்டையாம்.

தணிகாசலம் கைகூப்பி நின்றார்.

"அம்மா, இனிமேல் அவளுக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கணும்?"

மெய்யம்மை அவர் பக்கம் திரும்பவில்லை.

"கொஞ்சம் இருங்க தணிகாசலம். ஆட்டுக்குட்டி இன்னும் பஸ்ஸை விட்டு இறங்கலை."