மண் வாங்கிக்கொண்ட உதை

அந்தக் காலத்தில் மாடும் தவளையும் மனிதரோடு வாய்விட்டுப் பேசும். யாமாத்தோ நாட்டில் மன்னர் முன்னிலையில் நடக்கும் சுமோ மல்யுத்தத்துக்கு விதி என்று பெரிதாக எதுவும் அப்போது கிடையாது. பிடிக்கலாம், தள்ளலாம், குத்தலாம், உதைக்கலாம். இருவரில் ஒருவன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தால் ஆட்டம் முடிந்தது. தோற்றவனின் நிலம் வென்றவனுக்குப் போகும்.

மலைப்பக்கத்திலிருந்து வந்த இவாகிக்கு வலது காலில்தான் பலம். மரம் வெட்டிப் பிழைத்த குடும்பம் அவனுடையது. சரிவில் உருண்டு வரும் கட்டைகளை உதைத்துத் திருப்பிவிட்டே வளர்ந்தவன். சமவெளியின் பெருவீரன் கமோரியோடு அவன் மோதிய அன்று, இருவரும் வெகுநேரம் கட்டிப் பிடித்து நின்றார்கள். பிடி நழுவிய ஒரு கணத்தில் இவாகியின் கால் தானாக எழுந்தது. கமோரியின் விலா எலும்பு முறிந்த ஓசை கூட்டத்தின் கடைசி வரிசைக்கும் கேட்டது. விழுந்தவன் எழவில்லை. பொழுது சாய்வதற்குள் உயிர் போய்விட்டது.

மன்னர் இவாகியைப் பெருவீரன் என்று அறிவித்தார். கமோரியின் வயலும் அவனுக்கென்று ஆயிற்று. மலைக்காரர்கள் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள், அவனும் சிரித்தான். வழியில் ஓர் ஓடையில் இறங்கிக் கால் கழுவும்போதுதான் அந்த ஓசை மறுபடி கேட்டது. காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினான். ஓசை போகவில்லை. அன்றிலிருந்து சுள்ளி ஒடிந்தாலும் அவனுக்கு அதே ஓசைதான்.

பனி உருகியதும் இவாகி தன் பங்குக்கு வந்த வயலைப் பார்க்கப் போனான். அவன் வரப்பில் கால் வைத்ததும் தவளைகள் பேச்சை நிறுத்திக்கொண்டன. மரத்தடியில் கமோரியின் எருது படுத்திருந்தது. உழ வேண்டும், எழுந்திரு என்றான்.

"உன் ஏரில் நான் பூட்டிக்கொள்ள மாட்டேன்" என்றது எருது. "வேண்டுமானால் என்னையும் உதைத்துப் பார்."

இவாகி தன் வலது காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். அதற்குள் வீட்டிலிருந்து கமோரியின் மனைவி மிஹோ வந்தாள். கணவனின் பழைய மேலாடையை இடுப்பில் வரிந்து கட்டியிருந்தாள். முழங்கை வரைக்கும் சேறு. இவாகி அவள் முன்னால் மண்டியிட்டான். இந்த நிலம் தனக்கு வேண்டாம், அவளே வைத்துக்கொள்ளட்டும், மன்னித்தேன் என்று ஒரு சொல் சொன்னால் மலைக்கே திரும்பிவிடுவதாகச் சொன்னான்.

மிஹோ அவனுடைய வலது காலைப் பார்த்தாள்.

"மன்னர் கொடுத்ததை என்னிடம் கொடுக்க உங்களுக்கு உரிமை இல்லை. மன்னிப்பும் என்னிடம் இல்லை, தேடிப் பார்த்துவிட்டேன்" என்றாள். "ஆற்றங்கரை உடைந்து கிடக்கிறது. ஆண்டுதோறும் அவர்தான் புது மண் போட்டு மிதித்து இறுக்குவார். அவ்வளவு கனமான ஆள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை. மழைக்கு முன்னால் கரை இறுகாவிட்டால் கீழே உள்ள அத்தனை பேரும் பட்டினி. வந்து மிதிக்கிறீர்களா?"

அவன் எழுந்து அவள் பின்னால் போனான். எருதும் எழுந்தது. மண் சுமப்பது ஊருக்காகத்தானே தவிர அவனுக்காக அல்ல என்று சொல்லிவிட்டுத்தான் வண்டியில் பூட்டிக்கொண்டது.

கரை மிதிப்பது இவாகி நினைத்ததுபோல் சுலபமாக இல்லை. ஆத்திரத்தோடு ஓங்கி மிதித்தால் ஈர மண் பிதுங்கிக்கொண்டு வெளியே வந்தது. அவசரப்பட்டால் கால் வழுக்கியது. இடுப்பைத் தாழ்த்தி, காலைப் பக்கவாட்டில் மெல்ல உயர்த்தி, ஒற்றைக் காலில் அசையாமல் நின்று, பிறகு முழுப் பாரத்தையும் இறக்கினால்தான் மண் படிந்தது. ஒரு கால் மட்டும் மிதித்தால் கரை ஒருபக்கமாகச் சரிந்தது. ஆகையால் வலது, பிறகு இடது. அப்படி மிதிக்கும்போது மட்டும் அந்த ஓசை அவன் காதில் கேட்காமல் இருந்தது. வேலை முடிந்த பிறகும் வந்து வந்து மிதித்தான்.

மழை வந்தது. ஆறு கரையை முட்டிப் பார்த்துவிட்டுத் தன் வழியே போயிற்று. தவளைகள் மறுபடி பேசத் தொடங்கின. நாற்று நட்ட அன்று மிஹோ வரப்பில் இவாகிக்காக ஒரு கிண்ணம் சோற்றை வைத்துவிட்டுப் போனாள்.

கதிர் முற்றிய சமயத்தில் ஹயாசே ஊர் திரும்பினான். கமோரியின் தம்பி அவன். மேற்குக் கடலில் படகு ஓட்டிக்கொண்டிருந்தவனுக்குச் சேதி எட்டவே அத்தனை நாளாகியிருந்தது. நேரே மன்னரிடம் போய், அறுவடை விழாவில் இவாகியோடு மோத அனுமதி வாங்கிவிட்டுத்தான் அண்ணியைப் பார்க்க வந்தான். மிஹோ எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அவன் கேட்கவில்லை. விழாவுக்கு முந்தின நாள் அவள் இவாகியிடம் வந்தாள்.

"எங்கள் குடும்பத்தில் மிச்சம் இருப்பது அவன் ஒருவன்தான்."

"உதைக்க மாட்டேன், அம்மா" என்றான் இவாகி.

சொல்லிவிட்டானே தவிர அவனுக்கே நம்பிக்கை இல்லை. கமோரியை உதைக்கவேண்டும் என்று அவன் நினைத்தா உதைத்தான்? கால் எழுந்த பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. தன்னைக் கேட்காமல் எழும் காலுக்காக எப்படி வாக்குக் கொடுப்பது என்று அவன் அன்று முழுவதும் யோசித்தான். விடை கிடைக்கவில்லை.

மறுநாள் மன்னர் முன்னால் இருவரும் எதிரெதிரே நின்றார்கள். ஹயாசேயின் முகம் அப்படியே அண்ணன் முகம். அவன் குனிந்து பாயத் தயாரானதைக் கண்டதுமே இவாகியின் வலது தொடை நடுங்கத் தொடங்கியது. கால் எழத் துடிப்பது அவனுக்குத் தெரிந்தது. அவன் பின்வாங்கினான். பெருவீரன் பயந்துவிட்டான் என்று கூட்டத்தில் பேச்சு எழுந்தது.

இவாகி இடுப்பைத் தாழ்த்தினான். கரையில் மிதித்த மாதிரியே வலது காலைப் பக்கவாட்டில் உயரத் தூக்கி, ஒரு கணம் அசையாமல் நின்று, தரையில் ஓங்கி மிதித்தான். மன்னரின் ஆசனம் அதிர்ந்தது. பிறகு இடது காலையும் அப்படியே மிதித்தான். ஜனங்கள் சிரித்தார்கள்.

"என்ன கூத்து இது?" என்றான் ஹயாசே.

"கொஞ்சம் பொறு."

துடிப்பு அடங்கும்வரை மாற்றி மாற்றி மிதித்தான். உள்ளே திரண்டு நின்றது ஒவ்வொரு மிதிக்கும் கீழே இறங்கி மண்ணுக்குள் போயிற்று. தொடை சாதுவானதும், சரி என்று கையை ஊன்றிக் குனிந்தான்.

ஹயாசே பாய்ந்து வந்து உதைத்தான். முதல் உதை தொடையில் விழுந்தது. அடுத்தது விலாவில். எலும்பு முறியும் ஓசை இவாகிக்குக் கேட்டது. பல மாதம் காதில் கேட்ட அதே ஓசை, இப்போது தன் உடம்புக்குள்ளிருந்து. கமோரிக்கு எப்படி வலித்திருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. கால் எழவில்லை. இரண்டு கையாலும் ஹயாசேயை வளைத்துத் தூக்கினான். கூட்டம் விலகி வழிவிட, மூச்சுத் திணறிக்கொண்டே நடந்துபோய், மைதானத்துக்கு வெளியே அவனைக் காலூன்றி நிற்கும்படி இறக்கிவிட்டான்.

ஹயாசேக்கு ஒன்றும் விளங்கவில்லை. "ஏன் நீ உதைக்கவில்லை?" என்று கேட்டான்.

"உதைக்க வேண்டியதை முதலிலேயே உதைத்துவிட்டேன். மண் வாங்கிக்கொண்டது" என்றான் இவாகி.

ஹயாசே கீழே விழவில்லை என்றாலும், வெற்றி இவாகிக்குத்தான் என்பதில் மன்னருக்குச் சந்தேகமே இல்லை. பரிசு என்ன வேண்டும் என்று கேட்டார். கமோரியின் வயல் மிஹோவுக்கே திரும்பட்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டு இவாகி மலைக்குப் போனான். அதற்குப் பிறகு அவன் யாரோடும் மோதவில்லை. ஆனால் ஒவ்வோர் ஆண்டும் பனி உருகியதும் கரை மிதிக்க இறங்கி வருவான். எங்கே மண் இளகியிருக்கிறது என்று மிஹோ காட்டுவாள். மன்னித்தேன் என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. அவனும் மறுபடி கேட்கவில்லை.

இனி யாரும் உதைக்கக் கூடாது என்று மன்னர் ஆணையிட்டார். ஆணைக்கு எந்தக் கால் அடங்கும்? அடுத்த அறுவடை விழாவில் ஹயாசே வேறொரு வீரனோடு மோத வந்து நின்றான். எதிரியைப் பார்த்தான், தன் காலைப் பார்த்தான். பிறகு இடுப்பைத் தாழ்த்தி, ஒரு காலை உயரத் தூக்கித் தரையில் ஓங்கி மிதித்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. எதிரே நின்றவனும் கொஞ்சம் யோசித்துவிட்டு, அதேபோல் மிதித்தான்.

சுமோ வீரர்கள் ஒருவரையொருவர் தொடுவதற்கு முன்னால் வலது, இடது என்று காலைத் தூக்கி மண்ணை மிதிப்பது அன்று முதல்தான்.