பட்டுநூல் பிடித்த நாடி

கிழக்கே கடல் தாண்டி, கொரிய தேசத்தில், ஒரு காலத்தில் ஒரு ராஜா ஆண்டு வந்தான். ராணி செத்த அன்று அவன் ஓர் ஆணை போட்டான்: அரண்மனைக்குள் இனி யாரும் கெட்ட செய்தி சொல்லக்கூடாது, சொன்னால் தலை போகும். அதன்பிறகு சோறு கருகினால்கூட, "நன்றாகச் சிவந்திருக்கிறது" என்றார்கள் சமையற்காரர்கள்.

இப்படியிருக்க, இளவரசி காய்ச்சலில் படுத்தாள். அரசகுலப் பெண்ணின் கையை வேற்று ஆண் தொடக்கூடாது என்பது அந்த நாட்டு வழக்கம். தாதி அவள் மணிக்கட்டில் பட்டுநூல் கட்டுவாள். மறுமுனையை அடுத்த அறையில் பிடித்துக்கொண்டு, அரண்மனை வைத்தியர் பெக் கண்ணை மூடுவார். அதற்கு முன் தாதியிடம் ஒரு கேள்வி: "ராத்திரி எப்படி?"

"நன்றாகத் தூங்கினார்கள்." வேறென்ன சொல்வாள்?

"நாடி சீராக இருக்கிறது" என்பார் பெக்.

பத்து நாள் போயிற்று. உள்ளே போன கஞ்சியெல்லாம் ஆடை படிந்து அப்படியே திரும்பி வருவதை மந்திரி யூன் பார்த்தான். சொன்னால் தன் தலை போகும்; சொல்லாவிட்டால் அந்தப் பெண் போய்விடுவாள்.

"அரசே, வைத்தியரின் வித்தையை உங்களோடு நின்று பார்க்க ஆசை" என்றான் சபையில்.

பெக் சிரித்தார். "நாடி பார்க்க விரல் வேண்டும், மந்திரியாரே. உம்மிடம் இருப்பது நாக்குதானே?"

"அதுவும் எத்தனை நாளைக்கோ" என்றான் யூன். ராஜாவுக்குச் சிரிப்பு வந்தது. பார்க்க வருவதாக ஒப்புக்கொண்டான்.

மறுநாள் காலை தாதியின் காதில் யூன் ஏதோ சொல்லி உள்ளே அனுப்பினான். வழக்கமான கேள்வி, வழக்கமான பதில். பெக் நூலைப் பிடித்தார். "அருமையான நாடி. நூறு வயது இருப்பார்கள்!"

"இருக்கும்" என்று யூன் கதவைத் தள்ளினான். நூல், கைகழுவும் கிண்ணம் வைத்த முக்காலியின் காலில் கட்டியிருந்தது.

பெக்கின் முகம் வெளுத்தது. ராஜா கத்தியைத் தொட்டான்.

"அதற்கு முன் மகளைத் தொடுங்கள், அரசே. தகப்பனுக்கு ஏது தடை?"

ராஜா உள்ளே போய், குனிந்து மகளின் கையைப் பிடித்தான். தணலைத் தொட்டவன்போல் விட்டான். "பெக், இங்கே வாரும். வழக்கம் கிடக்கட்டும். பிடித்துப் பாரும்!"

பெக் மூன்று விரலை வைத்தார். உண்மையில் அவர் நல்ல வைத்தியர்தான்; வெகுநேரம் ஆகவில்லை. ஆனால் ஆணை நினைவுக்கு வர, தன் கழுத்தைத் தடவிக்கொண்டார்.

"கெட்டிக்காரன் நீ, யூன்" என்றான் ராஜா, திரும்பாமல். "என்ன வேண்டும், கேள்."

"அந்த ஆணை போகட்டும், அரசே."

"போயிற்று." ராஜா பெக்கைப் பார்த்தான். "இப்போது சொல்லும்."

பெக் தொப்பியைக் கழற்றித் தரையில் வைத்தார். "மூன்று நாள் முன்னால் இந்தக் கையைப் பிடித்திருந்தால்..."

தாதி வாய்விட்டு அழுதாள். அவளை யாரும் தடுக்கவில்லை.