வெல்லத்துக்கு ஒரு முத்தம்

முன்னொரு காலத்தில் என்று சொன்னால் எந்தக் காலம் என்று கேட்பீர்கள். சந்தைக்குப் போகிறவர்கள் மடியில் நெல்லை முடிந்துகொண்டு போன காலம். நெல்லைக் கொட்டினால் உப்பு, உப்பைக் கொடுத்தால் மீன். இன்றைக்கு நீங்கள் கடைக்காரர் முன்னால் போனை நீட்டி 'டிங்' என்று சத்தம் வந்ததும் கிளம்பிவிடுகிறீர்கள். அன்று அப்படியெல்லாம் இல்லை.

அந்த நாட்டை மகிபாலன் என்ற ராஜா ஆண்டான். நல்ல மனுஷன்தான், ஆனால் ஆசை வந்துவிட்டால் பொறுக்கமாட்டான். ஒருநாள் தன் முகம் பொறித்த செப்புக்காசு அடிக்கச் சொன்னான். காசில் மீசை அவ்வளவு எடுப்பாக விழுந்துவிட்டது. பார்த்துப் பார்த்துப் பூரித்துப்போனவன், உடனே ஆணை போட்டான்.

"இன்று முதல் பொருளுக்குப் பொருள் மாற்றக்கூடாது. எதற்கும் நம் காசுதான். மீறினால், கொடுத்த பொருள் எங்கிருந்து வந்ததோ, அதையே பிடித்து அரண்மனைக் கொட்டிலில் அடையுங்கள்!"

பொக்கிஷக்காரர் திருவேங்கடம் மெல்ல எழுந்தார். அரண்மனை விகடன் எட்டியப்பனைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். ராஜா எட்டியப்பனிடம் சிரிக்கிறார், தன்னிடம் கணக்கு மட்டும் கேட்கிறாரே என்ற ஆற்றாமை.

"மன்னா, இந்த ஆணையை நடத்தும் பொறுப்பை எட்டியப்பனிடமே விடுவோம். ஒரு எழுத்துப் பிசகினாலும் நாடு கடத்திவிடலாம்" என்றார். நடத்தினால் ஊர் அவனைத் திட்டும், நடத்தாவிட்டால் ராஜா விரட்டுவார். எப்படிப் பார்த்தாலும் அவருக்குக் கொண்டாட்டம்தான்.

ராஜாவும் சரி என்றுவிட்டான்.

மறுநாளே திருவேங்கடம் ஒரு பெண்ணைச் சபைக்கு இழுத்துவந்தார். மோர் விற்கும் சிட்டம்மை. அறுப்புக்காரர்களுக்கு மோர் ஊற்றிவிட்டு நெல் வாங்கியிருந்தாள்.

"மவராசா, அந்தக் காசை நான் கண்ணால கூடப் பாத்ததில்லைங்க. எங்க ஊருக்கு இன்னும் வரவே இல்ல. தாகம்னாங்க, ஊத்துனேன். கையில இருந்த நெல்லைக் கொடுத்தாங்க."

"மோர் எங்கிருந்து வந்தது? பசுவிலிருந்து. பசுவைக் கட்டு, எட்டியப்பா!" என்றார் திருவேங்கடம்.

எட்டியப்பன் பசுவை ஓட்டிவந்து கொட்டிலில் கட்டினான். சிட்டம்மை அவனை ஏறிட்டுப் பார்த்தாள். தினமும் அவளிடம் மோர் குடித்துவிட்டு, காசுக்குப் பதிலாக ஒரு கதை சொல்லிச் சிரிக்க வைப்பவன் அவன்.

"நீயுமாண்ணே? கன்னு இன்னும் புல்லு கடிக்கலையே. பால் இல்லாம செத்துப்போயிடுமே" என்றாள்.

அவன் அவள் பக்கம் குனிந்தான். "இன்னைக்கு ஒரு பொழுது பொறு தாயி. கன்னை இந்தக் கொட்டில் வாசல்லயே வெச்சிரு" என்று மட்டும் சொன்னான்.

பிறகு ராஜாவிடம் போய்க் கேட்டான். "மன்னா, இந்த ஆணை எல்லாருக்கும் பொதுவா?"

"யாராயிருந்தாலும் விடாதே."

ராஜாவுக்கு வஞ்சி என்று ஒரே மகள். நாலு வயதுக் குட்டி. தாயில்லாப் பிள்ளை. சாயங்காலமானால் ஓடிவந்து அப்பா கன்னத்தில் ஒரு முத்தம் வைப்பாள், ராஜா மடியிலிருந்து ஒரு துண்டு வெல்லம் எடுத்துக் கொடுப்பான். அந்த முத்தம் கிடைக்காவிட்டால் அவனுக்கு ராத்திரி சோறு இறங்காது.

அன்றும் ஓடிவந்தாள், முத்தம் வைத்தாள், வெல்லத்தை வாயில் போட்டாள்.

"பிடியுங்கள்!" என்று கத்திக்கொண்டு தூணுக்குப் பின்னாலிருந்து குதித்தான் எட்டியப்பன். "முத்தம் கொடுத்து வெல்லம் வாங்குவதா? பொருளுக்குப் பொருள்! முத்தம் எங்கிருந்து வந்தது? இளவரசியிடமிருந்து. கொட்டிலுக்கு நடங்கள், இளவரசி!"

"ஐ! மாட்டுக்கிட்டயா போறோம்?" என்று வஞ்சி அவன் தோளில் ஏறிக்கொண்டாள்.

"அடேய், நில்!" ராஜா பதறி எழுந்தான். "காசு கொடுத்துவிடுகிறேன். இந்தா கண்ணு, அப்பாவுக்கு இன்னொரு முத்தம் கொடு."

வஞ்சி காசை வாங்கி நக்கிப் பார்த்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"இது இனிக்கவே இல்ல. போப்பா!" என்று வீசிவிட்டாள்.

ராஜா என்ன செய்வான்? தன் வாயால் சொன்ன ஆணை. மகளின் பின்னாலேயே கொட்டிலுக்குப் போனான். அங்கே சிட்டம்மையின் பசு, மடி கனத்துப் பால் தானாகச் சொட்ட, வாசல் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. வாசலில் சிட்டம்மையின் மடியில் படுத்துக் கன்று மெல்லிய குரலில் பதில் கொடுத்தது.

"அப்பா, கன்னுக்குட்டி ஏன் அழுவுது?"

"பால் வேண்டுமாம், கண்ணு."

"கொடுக்கச் சொல்லுங்க." சற்று யோசித்தாள். "அதுகிட்ட காசு இல்லையாப்பா?"

 ராஜா தானே போய்ப் பசுவின் கயிற்றை அவிழ்த்துவிட்டான். கன்று ஓடிவந்து முட்டி முட்டிக் குடிக்க, அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண் கலங்கிவிட்டது.

"காசு இருப்பவர் காசு கொடுக்கட்டும், நெல் இருப்பவர் நெல் கொடுக்கட்டும். காசு தானாக ஊர் ஊராகப் போய்ச் சேரட்டும். அவசரப்பட்டுவிட்டேன், அம்மா" என்றான் சிட்டம்மையிடம்.

"ஆணை மாறும் முன்பு ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது மன்னா" என்றான் எட்டியப்பன். "நேற்றுச் சேனாதிபதியிடம் பாக்கு வாங்கி, அவருக்கு வெற்றிலை கொடுத்தார் திருவேங்கடம். வெற்றிலை வந்தது அவர் செல்லப்பெட்டியிலிருந்து."

வெள்ளி வெற்றிலைப்பெட்டியைக் கொட்டில் தூணில் கட்டினார்கள். திருவேங்கடம் வெறும் வாயை மென்றுகொண்டு நிற்க, ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"கேள் எட்டியப்பா, என்ன வேண்டும்?"

"சிட்டம்மை கையால் ஒரு செம்பு மோர். விலையை நீங்கள் கொடுத்துவிடுங்கள். எனக்குக் கதை தீர்ந்துவிட்டது."

ராஜா ஒரு புதுக்காசை எடுத்துச் சிட்டம்மை கையில் வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மீசை நல்லாத்தான் இருக்கு மவராசா. இதுல ஓட்டை போட்டுக் கன்னுக்குட்டி கழுத்துல கட்டட்டுங்களா? திருஷ்டி படாது."

ராஜா மறுபடி சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து வஞ்சி ஓடிவந்து, வெல்லம் எதுவும் கேட்காமல், அவன் கன்னத்தில் முத்தம் வைத்தாள்.