திரும்பி வராதவர்கள்

டாக்டர் மெஹருன்னிசா அந்த அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குத் தலைவர். அதிகம் பேசமாட்டார். பேசினால் கேட்டவனுக்குத் தூக்கம் போய்விடும். அவரிடம் மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தவன் சேந்தன். கை சுத்தம், வேலையில் வேகம், வாய்தான் கொஞ்சம் நீளம்.

சேந்தன் ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். சீழ்க்கட்டியோடு வருகிறவர்களுக்கு எந்த வைத்தியம் நல்லது என்று. ஒன்று பழைய முறை. கட்டியை அகலமாகக் கீறி, சீழை எடுத்துவிட்டு, குழிக்குள் காஸ் துணியைத் திணித்துக் கட்டுவது. தினமும் வந்து துணியை உருவி மாற்றிக்கொண்டு போகவேண்டும். இன்னொன்று புது முறை. சின்னதாக இரண்டு துளை போட்டு, கையுறையில் வெட்டிய ரப்பர் பட்டையை ஒன்றில் விட்டு மற்றதில் இழுத்து வளையமாக முடிச்சுப் போடுவது. சீழ் தானாக வடியும். வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம்.

ஒரு காலை ரவுண்ட்ஸ் முடிந்ததும் சந்தோஷமாக வந்து நின்றான். பழைய முறைதான் ஜெயித்தது என்றான். ரப்பர் போட்டவர்கள் இதை எப்போது எடுப்பீர்கள், இது ஏன் கசிகிறது என்று வந்துகொண்டே இருக்கிறார்களாம். துணி வைத்தவர்களில் பாதிப் பேர் ஓரிரு நாளுக்கு மேல் எட்டிக்கூடப் பார்க்கவில்லையாம்.

"வராதவங்களை எதுல சேர்த்தே?"

"குணமானவங்கள்ல, மேடம். வலி இருந்தா வராம இருப்பாங்களா?"

அவர் டீயைக் குடித்து முடித்தார்.

"அதுல ஒருத்தரைப் போய்ப் பார்த்துட்டு வா. எது நல்லதுன்னு அப்புறம் சொல்றேன்."

இதெல்லாம் ஒரு வேலையா என்று முணுமுணுத்துக்கொண்டே போனான். கிட்டத்தில் இருக்கிறது என்பதற்காகப் பேச்சித்தாய் வீட்டைத் தேர்ந்தெடுத்தான். உப்பளத்தில் உப்பு வாருகிறவள். சர்க்கரை வியாதிக்காரி. முதுகில் வந்த கட்டியை அவன்தான் கீறித் துணி வைத்திருந்தான்.

வாசலிலேயே வாடை அடித்தது. அவள் குப்புறப் படுத்திருந்தாள். அவனைக் கண்டதும் அடித்துப்பிடித்து எழுந்து முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டாள். உடம்பு அனலாகக் கொதித்தது. டாக்டர் வீடு தேடி வந்ததில் அவளுக்கு அப்படி ஒரு கூச்சம். மகளைக் கூப்பிட்டுக் கடையில் அவனுக்குக் குடிக்கக் கலர் வாங்கிவரச் சொன்னாள்.

அவன் வைத்த துணி அப்படியே முதுகுக்குள் இருந்தது. மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டிக்கொண்டு, உப்புத் தண்ணி படாமல் பார்த்து, நேற்றுவரை வேலைக்கும் போயிருக்கிறாள். என்ன சொல்ல, இப்படியும் ஒரு ஜென்மம்.

ஏன் வரவில்லை என்று கேட்டான். கேட்கும்போதே குரல் உயர்ந்துவிட்டது.

"மறுநா வந்தேன்லாய்யா. துணிய உருவையில தாங்கமாட்டாம சத்தம் போட்டுட்டேன். பிள்ளை பெத்தவதானே, இதுக்குப் போய் ஊரைக் கூட்டுறியேன்னீக. எல்லாரும் திரும்பிப் பார்த்தாக. இன்னொருவாட்டியும் கத்திருவேனோன்னு பயமா இருந்துச்சு."

சேந்தனுக்கு அப்படிச் சொன்னது ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறானோ, யார் கண்டது.

ஆட்டோவில் ஏற்றிக் கொண்டுவந்து சேர்த்தான். மெஹருன்னிசாவே மரத்துப்போக ஊசி போட்டு, சலைன் விட்டு ஊறவைத்து, துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். வலித்தால் நல்லா கத்தும்மா, இங்கே யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள் என்றார். பேச்சித்தாய் தலையாட்டினாள். பக்கத்தில் சேந்தன் நின்றுகொண்டிருந்தான். அவன் முகத்தைப் பார்த்தாள், கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள், கடைசிவரை சத்தமே போடவில்லை.

விஷம் ரத்தத்தில் கலந்து நாளாகியிருந்தது. மருந்துகள் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் போய்ச்சேர்ந்தாள். சேந்தன்தான் மகளிடம் சொன்னான். அந்தப் பெண் அவனைத் திட்டவில்லை. எங்க அம்மாவுக்காக இவ்வளவு அலைஞ்சீகளே என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அவனுக்கு அங்கேயே செத்துவிடலாம்போல் இருந்தது.

மெஹருன்னிசாவின் அறைக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"ரப்பர் வச்சிருந்தா அவங்க தினமும் வரவேண்டிய அவசியமே இல்லை மேடம். இதெல்லாம் நடந்தே இருக்காது. துணி வச்சதுதானே தப்பு?"

ஆமாம் என்று அவர் சொல்லிவிடமாட்டாரா என்று தவித்துக்கொண்டு நின்றான்.

அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அந்தம்மா பயந்தது துணிக்கு இல்லை, சேந்தன்."