நீட்டிய கை

"கீழத்தெருக்காரர்கள் கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள், சகோதரி. நன்றி கெட்ட கூட்டம்."

குன்றின்மேல் தனித்து வாழ்ந்த துறவி அமலோற்பவத்திடம், பங்குத்தந்தை பிரகாசியார் இப்படித்தான் பேச்சைத் தொடங்கினார். வயதில் தந்தையே மூத்தவர். எனினும் மனம் குழம்பும்போதெல்லாம் இந்தக் குன்றுக்குத்தான் ஏறி வருவார்.

சகோதரி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிரவில்லை.

வரும் ஞாயிறன்று கடல் கடந்த திருச்சபைகளிலிருந்து விருந்தினர் வருகிறார்கள் என்றார் தந்தை. மேலத்தெருவும் கீழத்தெருவும் பகைத்துக் கிடந்த ஊர் இன்று ஒரே பீடத்தின் முன் சமாதானமாக நிற்கிறது என்று உலக மாநாட்டில் அவர் பேசியிருந்தார். கேட்டவர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். கீழத்தெருவில் எரிந்துபோன குடிசைகளுக்குப் பதிலாக ஓட்டு வீடுகள் கட்டிக்கொடுத்தவர்களும் அவர்களே. அந்தச் சமாதானத்தைக் கண்ணால் காண இப்போது புறப்பட்டு வருகிறார்கள். வந்தால் பாதிக் கோயில் காலியாகக் கிடக்கும்.

குடிசைகளுக்குத் தீ வைத்தவர்கள் யார் என்று கண்டதுண்டா எனச் சகோதரி கேட்டார்.

பழையதைக் கிளறாமலிருப்பதே ஒப்புரவின் முதல் படி என்றார் தந்தை.

பிறகு, தாம் வந்த காரியத்தைச் சொன்னார்.

"நீங்கள் அந்தத் தெருவில் மருந்து கொடுத்தவர். உங்கள் சொல்லைத் தட்டமாட்டார்கள். ஒருமுறை இறங்கி வந்து கூப்பிடுங்கள்."

"ஏன் வராமல் நின்றார்கள்?"

"ஒன்றுமில்லாததற்கு."

"அந்த ஒன்றுமில்லாததைச் சொல்லுங்கள், சாமி."

தந்தை சொன்னார். பூசையில் சமாதானம் சொல்லும்போது அருகில் நிற்பவரின் கையைப் பற்றிக்கொள்வது முன்பு வழக்கம். அப்போது தெருவுக்கொரு பக்கமாக நின்றார்கள். இரு தெருவாரையும் அவர் ஒரே வரிசையில் கலந்து நிறுத்திய மறுவாரமே மேலத்தெருப் பெரியவர்கள் வந்தார்கள். கையைப் பிடிப்பது அயல்நாட்டுப் பழக்கம், கைகூப்புவதே நம் பண்பாடு என்றார்கள். தந்தைக்கும் அது நியாயமாகப் பட்டது. அன்றுமுதல் எல்லாரும் கைகூப்பினார்கள். மாநாட்டில் இதையும் விளக்கினார். அதற்கும் கைதட்டல் கிடைத்தது.

"போன மாதம் கீழத்தெரு யாகப்பன் கெடுத்தான். சமாதானம் சொல்லும் நேரத்தில், பக்கத்தில் நின்ற மேலத்தெருச் சவரிநாதரிடம் கையை நீட்டிவிட்டான்."

"சவரிநாதர் என்ன செய்தார்?"

"அவர் பெருந்தன்மையானவர். முகம்கூடச் சுளிக்கவில்லை. புன்னகையோடு கைகூப்பி, சமாதானம் என்றார். இவன் நீட்டிய கையை மடக்காமல் நற்கருணை முடியும்வரை நின்றான். மறுவாரம் அந்தத் தெருவிலிருந்து ஒரு குழந்தைகூட வரவில்லை."

"இருவரில் மூத்தவர் யார்?"

"யாகப்பன்தான். ஏன் கேட்கிறீர்கள்?"

"நீங்கள் சொன்ன விதத்தில் தெரியவில்லை."

தந்தைக்கு அது விளங்கவில்லை.

யாகப்பனை நேரில் போய்ப் பார்த்தீர்களா என்றார் சகோதரி. ஆள் அனுப்பியதாகத் தந்தை சொன்னார். கை இன்னும் வலிக்கிறது என்று கிழவன் சொல்லியனுப்பினானாம். அதைச் சொல்லித் தந்தை சிரித்தார். சகோதரி சிரிக்கவில்லை.

"நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள், சகோதரி. யாராவது கடுஞ்சொல் சொன்னார்களா? கை ஓங்கினார்களா? சமாதானம் என்று சொன்னது ஒரு குற்றமா?"

சகோதரி கீரைத் தட்டை ஒதுக்கிவைத்தார். உலை வைக்கத் தண்ணீர் இல்லை என்றார்.

"சுனைக்குப் போய்வாருங்கள், சாமி. நான் இறங்கி வருவதா வேண்டாமா என்பதைத் தண்ணீர் வந்ததும் சொல்கிறேன்."

சுனை, குடிலை ஒட்டிய பாறை இடுக்கின் ஆழத்தில் இருந்தது. பாறையில் வெட்டிய படிகளில் மேல்படி உடைந்து நெடுங்காலமாயிற்று. இறங்குபவருக்கும் ஏறுபவருக்கும் மேலிருந்து ஒருவர் கைகொடுத்தாக வேண்டும். சகோதரி தந்தையின் கையை இறுகப் பற்றி இறக்கிவிட்டார்.

"பார்த்துப் போங்கள். பாசி வழுக்கும்."

துறவியின் கைக்கு இவ்வளவு வலுவா என்று தந்தை வியந்தார். பலர் புண்ணுக்குக் கட்டுப் போட்டுப் பழகிய கை என்றார் சகோதரி.

குடம் நிறைந்தது. தந்தை மூச்சிரைக்கப் படியேறி வந்து, குடத்தைத் தலைக்குமேல் தூக்கிக் கொடுத்தார். சகோதரி குனிந்து, அதன் கழுத்தைப் பிடித்து வாங்கினார். விரல்மேல் விரல் படவில்லை. குடத்தை ஓரமாக இறக்கிவைத்தார்.

தந்தை கையை நீட்டினார்.

சகோதரி நிமிர்ந்து நின்றார். புன்னகையோடு இரு கைகளையும் கூப்பினார்.

"சமாதானம், சாமி."

வேடிக்கை என்று எண்ணித் தந்தை சிரித்தார். கூப்பிய கைகள் பிரியவில்லை. பாசியில் தந்தையின் கால் நழுவியது. இடக்கையால் பாறையைப் பற்றிக்கொண்டார். வலக்கை நீட்டியபடியே இருந்தது.

"சகோதரி, விளையாட இது நேரமில்லை. கையைக் கொடுங்கள்."

"நான் முகம்கூடச் சுளிக்கவில்லையே, சாமி."