தேன் தொட்ட கை

குறுக்கே பேசாமல் கேளுங்கள். கடைசியில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் நீங்கள்தான். கொம்பாடிக் கோட்டையில் சங்கிலிமுத்து என்று ஒரு பாளையக்காரன் இருந்தான். வாயைத் திறப்பதற்கு முன்னால் கையை ஓங்குகிற ஆள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து அவன் மனைவி அங்கயற்கண்ணி ஓர் ஆண்பிள்ளை பெற்றாள்.

அந்தப் பக்கத்தில் பிறந்த பிள்ளைக்குச் சேனை வைப்பார்கள். இனிப்பை விரலில் தொட்டு நாக்கில் தடவுகிறவருடைய குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதனால் நாலு பேர் மதிக்கிற சாந்தமான ஆளாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். இவன் விடுவானா? "என் பிள்ளைக்கு என் குணம் வந்தாப் போதும்" என்றான். தினைமாவும் தேனும் தின்ற கையைக் கழுவக்கூட இல்லை. மூன்று விரலைத் தேன் சாடிக்குள் முக்கி எடுத்து அப்படியே வைத்தான். தேன் பிள்ளையின் கழுத்துவரை ஒழுகிற்று. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த வெயிலாட்சி ஈரத்துணியோடு ஓடி வந்தாள். "நான் வச்ச சேனையைத் துடைக்க நீ யாருடீ?" என்று அவளை வெளியே துரத்திவிட்டான்.

மத்தியானம் பிள்ளை வீறிட்டது. தொட்டிலில் செவ்வெறும்பு மொய்த்துக் கிடந்தது. உதடு, கன்னம், காதுமடல் எல்லாம் எறும்பு. ஒரு கண் வீங்கி மூடிவிட்டது. சத்தம் கேட்டு உள்ளே ஓடி வந்த வெயிலாட்சி ஒவ்வொன்றாகப் பிய்த்தாள். உடல் கையோடு வந்தது, தலை தோலைக் கவ்வியபடி நின்றது. சங்கிலிமுத்து வந்து பார்த்தான். பிள்ளையைத் தூக்கவில்லை. வெயிலாட்சியின் கூந்தலைப் பிடித்து முற்றம்வரை இழுத்துப்போய்ப் பல் தெறிக்க அறைந்தான்.

"ஏழு நாள் தாரேன். எட்டாம் நாள் காலையில இந்த வீட்டுக்குள்ள ஒரு எறும்பைக் கண்டாலும், அதை உள்ளே விட்ட கைய வெட்டுவேன். குலசாமி மேல ஆணை" என்றான். சொல்லும்போது அவன் பார்த்தது வெயிலாட்சியின் வலது கையை.

அவன் தம்பி மாடசாமிக்கு இது போதாதா? ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து எறும்புப் பொந்துக்குள் கொதிக்கிற எண்ணெயை ஊற்றினான். கடப்பாரையால் சுவரைக் குத்தினான். பந்தத்தைக் கொளுத்திச் செருகினான். எண்ணெய் தெறித்து ஒருவனுக்கு முழங்காலுக்குக் கீழே தோல் உரிந்து தொங்கியது. செத்த எறும்பை முறத்தில் அள்ளினார்கள். மூன்றாம் நாள் பார்த்தால் உத்தரத்தில் ஒரு கூட்டம், நெல் குதிரில் ஒரு கூட்டம், அடுப்படியில் ஒரு கூட்டம். ஒரு புற்றை மூன்றாக்கிவிட்டு மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தான், மடையன்.

வெயிலாட்சி கிழிந்த உதட்டோடு எறும்பு போகிற வரிசையைத் தொடர்ந்து நடந்தாள். "கொல்லுறதுக்கு முன்னால, இதுக எதைத் தேடி வருதுன்னு பாக்கணும்மா" என்று அங்கயற்கண்ணியிடம் சொன்னாள். வரிசை தேன் சாடிகளில் போய் நின்றது. சாடிகளை மாட்டுக்கொட்டிலுக்குத் தூக்கிப்போய், தண்ணீர்த் தொட்டிக்கு நடுவில் ஒரு கல்லைப் போட்டு அதன்மேல் வைத்தாள். எறும்பு நடந்த தடத்தைப் பூந்திக்கொட்டை நுரையால் தேய்த்துக் கழுவினாள். வெடிப்புகளைச் சுண்ணாம்பால் அடைத்தாள். தொட்டில் கயிற்றில் வேப்பெண்ணெய் தடவினாள். பிள்ளை முகத்தைப் பால் குடித்தபிறகெல்லாம் துடைத்தாள். ஐந்தாம் நாள் வரிசை மெலிந்தது. ஏழாம் நாள் ஒன்றுகூட இல்லை, பிள்ளையும் கண்ணைத் திறந்துவிட்டது.

எட்டாம் நாள் காலை சங்கிலிமுத்து வாளோடு வந்தான். பாயைப் புரட்டினான், நெல் குதிரைக் கவிழ்த்தான், பானைகளை உடைத்தான். எறும்பு இல்லை. அவன் முகம் தொங்கிப்போயிற்று.

"அண்ணாச்சி, இந்தா ஒண்ணு" என்றான் மாடசாமி.

அது சங்கிலிமுத்துவின் வலது மணிக்கட்டில் ஏறிக்கொண்டிருந்தது. என் தேனை ஒளித்துவைக்க அவள் யார் என்று, அன்று விடிந்ததும் கொட்டிலுக்குப் போய் ஒரு சாடியைத் தூக்கிவந்து அடுப்படியில் உட்கார்ந்து தின்றிருந்தான். கை கழுவவில்லை என்று நான் சொல்ல வேண்டுமா?

மாடசாமி வெயிலாட்சியின் கையை முறுக்கி உரல்மேல் அழுத்தினான். "வீட்டுக்குள்ள எறும்பு இருக்கு அண்ணாச்சி. காவல் இருந்தவ இவ. சாமி மேல வச்ச ஆணையை மீறினா பிள்ளைக்குத்தான் ஆகாது. வெட்டுங்க."

அங்கயற்கண்ணி பிள்ளையோடு குறுக்கே வந்து நின்றாள். "எறும்பு எந்தக் கையில ஏறுதுன்னு பாருங்க. அதை உள்ளே விட்ட கையும் அதுதான்."

வெயிலாட்சி அழவில்லை. "வீட்டைச் சுத்தம் பண்ணச் சொன்னீங்க, பண்ணிட்டேன் சாமி. உங்க கைய நான் எப்படிக் கழுவுறது?" என்றாள்.

வெட்டாவிட்டால் ஆணை பொய். வெட்டினால் யார் கை? மாடசாமி, அங்கயற்கண்ணி, இருவரில் யார் சொன்னது சரி?

அங்கயற்கண்ணி சொன்னதே சரி. காவல் இருப்பவளைத் துரத்திவிட்டுக் காவல் தவறினாள் என்று சொல்ல ஒருவனுக்கும் உரிமை கிடையாது. முதல் நாள் பிள்ளையின் வாய்க்கு எறும்பை அழைத்ததும், எட்டாம் நாள் வீட்டுக்குள் அழைத்ததும் ஒரே கை. சங்கிலிமுத்துவுக்கு அது அப்போதுதான் உறைத்தது. தம்பியைத் தள்ளிவிட்டுத் தன் வலது கையை உரல்மேல் வைத்தான். சேனை வைத்த மூன்று விரலும் தெறிக்க இடது கையால் வாளை இறக்கினான். இரத்தம் நிற்கும்வரை துணி சுற்றிக் கட்டியவள் வெயிலாட்சிதான். கட்டி முடித்ததும் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டாள். அங்கயற்கண்ணி வாசல்வரை வந்து கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை. நானாக இருந்தாலும் திரும்பியிருக்க மாட்டேன்.